துண்டை மாட்டி வைத்தால் போதுமா?

தங்கும் விடுதிகளில் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். துண்டை இன்னொரு நாள் பயன்படுத்துவதாக இருந்தால் கொக்கியில் மாட்டுங்கள், துவைக்க வேண்டும் என்றால் தரையில் போடுங்கள், பூமியைக் காப்போம் என்று எழுதியிருக்கும். ஓரத்தில் ஒரு பச்சை இலை. பல வருடங்களாக நான் தவறாமல் மாட்டி வைப்பேன். ஒரு தடவை நான்கு நாள் பயணம், போகவும் விமானம், வரவும் விமானம். மூன்றாம் நாள் காலை அதே மாதிரி துண்டை மாட்டும்போதுதான் ஒன்று உறைத்தது: இந்த அறைக்கு வந்து சேர நான் எவ்வளவு எரித்திருக்கிறேன்? அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு நான் ஊர் சுற்றும் விதமே மாறிவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விமான எரிபொருள் 1 கிலோ எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வருகிறது. ஒரு கிலோவிலிருந்து எப்படி மூன்று கிலோ வரும் என்று முதலில் எனக்கும் குழப்பம்தான். எரிபொருளில் இருக்கும் கார்பன் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது, கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. சரி, ஒரு பயணிக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? பிரிட்டிஷ் அரசு ஒவ்வொரு வருடமும் எந்த வாகனத்தில் போனால் ஒரு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பட்டியல் வெளியிடுகிறது. 2022 பட்டியலில் உள்நாட்டு விமானத்துக்குச் சுமார் 246 கிராம், உயரத்தில் பறப்பதால் வரும் கூடுதல் வெப்ப விளைவையும் சேர்த்து. ரயிலுக்குச் சுமார் 35, தொலைதூரப் பேருந்துக்குச் சுமார் 27. பெட்ரோல் காருக்கு ஒரு வண்டிக்குச் சுமார் 170. நாட்டுக்கு நாடு இது மாறும், ரயில் மின்சாரத்தில் ஓடுகிறதா டீசலில் ஓடுகிறதா, அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஆனால் வரிசை பெரும்பாலும் இதே வரிசைதான்.

இதை வைத்து 600 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஒரு ஆளுக்கு 295 கிலோ. ரயிலில் 42. பேருந்தில் 33 கூட இல்லை. ஒரு துண்டைத் துவைத்து உலர்த்துவதற்கு எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 1 கிலோவைத் தாண்டாது. நான்கு நாளும் துண்டை மாட்டி வைத்து நான் மிச்சப்படுத்தியது, விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நிமிடங்களிலேயே போய்விட்டது.

துண்டை மாட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர் மிச்சமாகும், மாட்டுங்கள். நான் சொல்ல வருவது வேறு. பயணத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன, நாம் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று வானத்தின் கணக்கு: எவ்வளவு தூரம், எதில் ஏறி, வருடத்துக்கு எத்தனை முறை. பெரும்பாலும் டிக்கெட் எடுக்கும் நிமிடத்திலேயே இது முடிவாகிவிடும், போன இடத்தில் என்ன செய்தாலும் பெரிதாக மாறாது. இன்னொன்று மண்ணின் கணக்கு: போன இடத்தில் நம் காலும் கையும் சோப்பும் குப்பையும் என்ன செய்கின்றன என்பது. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை மறுத்தால் முதல் கணக்கில் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் கடற்கரைக்கு அது நல்லது. ரயிலில் போனால் முதல் கணக்கு குறையும், ஆனால் ரயிலில் வந்தவர் என்பதற்காகப் பவளப்பாறை உங்கள் காலை மன்னிக்காது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கும் சேர்த்து நிம்மதி அடைந்துவிடுவதுதான் நான் இத்தனை வருடம் செய்த தப்பு.

முதல் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ 2.5 சதவீதம். கேட்டால் சின்னதாகத் தெரியும், பலரும் இதைச் சொல்லித்தான் பேச்சை முடிக்கிறார்கள். ஆனால் இந்த 2.5 சதவீதம் யாரால் வருகிறது என்று பாருங்கள். 2020-ல் வந்த ஓர் ஆய்வின்படி 2018-ல் உலக மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் ஏறினார்கள், பயணிகள் விமானங்கள் வெளியிட்டதில் பாதிக்கு மக்கள்தொகையின் 1 சதவீதம் பேரே காரணம். அதாவது இது எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதில்லை. வருடத்துக்கு நான்கைந்து முறை பறக்கும் ஒருவருக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய ஒற்றைக் கரியமிலச் செலவு இதுவாக இருக்கலாம், வீட்டு விளக்கு, சமையல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தெளிவான நாளில் விமானத்துக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடும் சும்மா அழகுக்கு இல்லை. குளிர்ந்த ஈரமான காற்றில் அது கலையாமல் மெல்லிய மேகமாகப் பரவி, தரையிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இரவில் இன்னும் கூடுதலாக.

இதில் எனக்கு மிகவும் தவிர்க்கக்கூடியதாகத் தெரிவது குட்டைத் தூர விமானங்கள். ஏறுவதற்குத்தான் அதிக எரிபொருள் வேண்டும், ஏறி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் அது மோசமாகத்தான் வரும். பிரான்ஸ் 2023-ல் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய உள்நாட்டு வழித்தடங்களில் விமானங்களை நிறுத்தியது. உண்மையில் பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கான தடங்கள்தான் நின்றன, கொஞ்சம்தான். இருந்தாலும் ரயில் இருக்கும்போது விமானம் எதற்கு என்ற கேள்வியை ஓர் அரசு சட்டமாகவே எழுதியது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஆஸ்திரிய ரயில்வே 2016 டிசம்பரில் நைட்ஜெட் என்ற பெயரில் இரவு ரயில்களைக் கையில் எடுத்ததும் அப்படித்தான். மற்றவர்கள் கட்டுப்படியாகாது என்று நிறுத்திக்கொண்டிருந்த நேரம் அது.

என் நண்பன் ஒருவன் கேட்டான், "ரெண்டு மணி நேரத்துல போய் இறங்குற இடத்துக்கு எதுக்குடா ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து போற?" நான் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் என்பது சரியான கணக்கில்லை என்று அவனுக்கே தெரியும். விமான நிலையம் போக, வரிசையில் நிற்க, பெட்டிக்காகக் காத்திருக்க, அங்கிருந்து ஊருக்குள் போக என்று எப்படியும் ஆறேழு மணி நேரம் போய்விடும், அதுவும் விழித்திருக்கும் நேரம். இரவு ரயில் எடுப்பது தூங்கும் நேரத்தை. விடியும்போது அவன் மேல்படுக்கையிலிருந்து இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தான். அந்த வட்டத்துக்குள் ஓர் ஆறு எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது, அதன் மேல் மூடுபனி ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. கொஞ்ச தூரம் போனதும் ஆறு விலகியது, மண்ணின் நிறம் மாறியது, மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. இறங்கும்போது எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரிந்தது. விமானத்தில் எனக்கு அது ஒருபோதும் தெரிந்ததில்லை, ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வெளியே வந்தது போலத்தான் இருக்கும்.

எல்லோராலும் எல்லா இடத்துக்கும் ரயிலில் போக முடியாது, எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கப்பல் ஏறச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஸ்வீடனில் பறப்பதற்கு வெட்கப்படுவது என்ற பொருளில் 'ஃப்ளூக்ஸ்காம்' என்று ஒரு சொல்லே பிறந்தது. வெட்கப்பட வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பறக்கத்தான் வேண்டும் என்றால் அடிக்கடி பறக்காமல் ஒரு தடவை போய் நிறைய நாள் இருங்கள். நான்கு நாள் நான்கு நாளாக இரண்டு பயணம் போவதற்குப் பதில் எட்டு நாள் ஒரே பயணம் என்றால் பாதி அங்கேயே குறைந்துவிட்டது, விடுமுறை நாள் ஒன்றும் குறையவில்லை. எகானமியில் உட்காருங்கள். பிசினஸ் வகுப்பு இருக்கை எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் நீண்ட தூரத்தில் அது எகானமியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. முடிந்தவரை நேராகப் போகும் விமானமாகப் பாருங்கள், நடுவில் இறங்கி ஏறுவது இன்னொரு முறை மேலே ஏறுவது.

மரம் நட்டு ஈடு செய்கிறோம் என்று டிக்கெட்டோடு சேர்த்து விற்கிறார்களே, அதை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். எரித்தது இன்றைக்கே மேலே போய்விட்டது. கன்று அதை உள்ளே இழுக்கப் பல பத்து வருடங்கள் ஆகும், அதற்குள் காய்ந்து போகலாம், தீப்பிடிக்கலாம், வெட்டலாம். காடு வளர்க்கப் பணம் கொடுப்பது நல்ல காரியம், தனியாகக் கொடுங்கள். பறந்ததற்கான ரசீதாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

காரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆள் ஓட்டிப் போனால் அந்த 170 கிராமும் அவர் தலையில்தான். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 43 கிராம் போல, ரயிலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மலையடிவாரம் வரை ரயில், அங்கிருந்து நான்கு பேர் ஒரு வண்டி என்று போவது இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. உல்லாசக் கப்பலை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். நகரும் விடுதியையே எண்ணெய் எரித்துக் கடலில் தள்ளிக்கொண்டு போவது அது, பல சமயம் கப்பலைப் பிடிக்கவே விமானத்தில் போக வேண்டியிருக்கும். வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களைத் தன் நடுக்கால்வாய்களுக்குள் விடுவதில்லை.

இனி மண்ணின் கணக்கு. இதில் எண்கள் குறைவு, ஆனால் என் மனதை அதிகம் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன், கையில் மக்கும் சோப்பு என்று எழுதியிருந்த ஒரு குப்பி. மக்கும் என்றால் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். கழுவக் கழுவ நுரை ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு, அதன் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் போய்த் தேங்கியது. அங்கே நீரின் மேல் நடக்குமே, நீளக் கால் வைத்த பூச்சி, அது மூன்றோ நான்கோ இருந்தன. நுரை போய்ச் சேர்ந்ததும் ஒன்றின் கால் தண்ணீருக்குள் இறங்கியது. அது காலை இழுத்துப் பார்த்தது, இன்னொரு காலும் இறங்கியது, அப்புறம் உடம்பு. அந்தப் பூச்சியைத் தாங்குவது நீரின் மேல்பரப்பில் இருக்கும் இழுவிசை, சோப்பு செய்வது அதைத் தளர்த்துவது. பாத்திரத்திலிருந்து எண்ணெயை எடுப்பதும் அதே குணம்தான். மக்கும் சோப்பும் மக்குவதற்கு மண்ணும் அதில் இருக்கும் நுண்ணுயிர்களும் வேண்டும், ஓடும் தண்ணீரில் அது சோப்பாகவே போகும், மீனின் செவுள் வரை. அன்றிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, ஓடையை விட்டு 60 மீட்டராவது தள்ளிப் போய், அதாவது எழுபது எண்பது காலடி நடந்து, அங்கே கழுவி மண்ணில் ஊற்றுகிறேன். காலைக்கடனுக்கும் அதே தூரம்தான், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். பெரும்பாலும் சோப்பே வேண்டியதில்லை, சுடுதண்ணீரும் ஒரு பிடி மணலும் போதும்.

அடுத்த நாள் காலை கிளம்பும்போது எல்லாக் குப்பையையும் ஒரு பையில் கட்டிவிட்டோம், இடம் சுத்தமாகத்தான் தெரிந்தது. கூட வந்த அக்கா ஒருவர் மட்டும் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னக்கா என்று போய்ப் பார்த்தால், உள்ளங்கையில் பாக்கெட்டுகளின் மூலைத் துண்டுகள். ஷாம்பு, பிஸ்கட், காபித்தூள், மாத்திரை என்று எதைப் பிரித்தாலும் ஒரு மூலையைக் கிள்ளுகிறோம் இல்லையா, அந்தக் கிள்ளல். பாக்கெட்டை எல்லோரும் பொறுப்பாகப் பைக்குள் போட்டிருந்தோம், மூலை மட்டும் அந்த இடத்திலேயே விழுந்திருந்தது. நகத்தைவிடச் சின்னது, பளபளவென்று இருக்கும், பறவைக்கு ஏதோ விதை மாதிரி தெரியலாம். எண்ணினோம், முப்பத்தேழு. ஆறு பேர் இரண்டு இரவு தங்கியதற்கு முப்பத்தேழு. இப்போது நான் பாக்கெட்டை முழுதாகக் கிள்ளி எடுக்காமல் மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதியோடு நிறுத்திவிடுவேன், நீங்களும் செய்து பாருங்கள், கைக்கு ஒரே நாளில் பழகிவிடும்.

கடலுக்குப் போனால் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பாறை மாதிரி உருண்டு வளரும் பவளங்கள் பல, வருடத்துக்கு 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். துடுப்புச் செருப்பு ஒருமுறை பட்டால் பத்துப் பதினைந்து வருட வளர்ச்சி போய்விடும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளக் கால் தானாகக் கீழே தேடும், அதனால் மிதக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள், நன்றாக நீந்தத் தெரிந்தாலும். ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று, பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் தடை போட்டிருக்கின்றன. எந்தக் குப்பி நல்லது என்று தேடுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்வது எளிது, பாதி உடம்புக்குப் பூச்சே வேண்டாம். அதே பலாவில் 2017-லிருந்து வருகிறவர்களின் கடவுச்சீட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள், அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு விருந்தாளி கொடுக்கும் வாக்காக அதை எழுதியிருக்கிறார்கள். விருந்தாளி என்ற அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பாருங்கள். ஒரு திரைப்படத்தால் பேர் பெற்று, ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை அந்தச் சின்னக் கரையில் இறங்கினார்கள், படகுகளும் நங்கூரங்களும் சேர்ந்து பவளத்தை நாசமாக்கின. 2018 ஜூனில் மூடினார்கள். ஆட்கள் இல்லாமல் போனதும் கருமுனைச் சுறாக்கள் கரைக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மறுபடி திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வர முடியாது, தீவின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும், ஆட்களுக்கும் அளவு வைத்துவிட்டார்கள். இப்படிக் கட்டுப்பாடு இருக்கும் இடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை, வேறு இடம் பார்க்கிறேன். எவரெஸ்டில் கூட ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தம்முடையது போக 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014-ல் நேபாளம் விதி கொண்டுவந்தது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. நடைபாதையில் சேறு இருந்தால் ஓரமாகச் சுற்றிப் போகாமல் சேற்றிலேயே நடங்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றித்தான் ஓரடிப் பாதை மூன்றடியாகிறது, ஓரத்துச் செடியெல்லாம் போய்விடுகிறது. ஆமைகள் முட்டையிடும் கடற்கரையில் இரவு டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கத்தைக் கடல் என்று நம்பி நகரும். ஓர் ஏரியில் நனைந்த காலணியையும் படகையும் கழுவி நன்றாகக் காயவைக்காமல் இன்னொரு ஏரியில் இறக்காதீர்கள், ஒரு நீர்நிலையின் களையும் சிப்பியும் அடுத்ததற்குப் போவது இப்படித்தான். மிருகத்தின் மேல் ஏறுவது, கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், கூடாரமும் மழைக்கோட்டும் வருடத்தில் ஐந்து நாள் பயன்படும் பொருள், கடன் வாங்குங்கள், பழசு வாங்குங்கள், கிழிந்தால் தையுங்கள்.

இதையெல்லாம் படித்தால் விடுமுறையே வேண்டாம் என்று ஆகிவிடுமோ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு நேர்மாறாக ஆனது. முன்பு தூரம் இருந்தால்தான் அது பயணம் என்று இருந்தேன். இப்போது சைக்கிளில் ஒரு நாளில் போய் வரக்கூடிய வட்டம் ஒன்றை வரைபடத்தில் வரைந்து வைத்திருக்கிறேன், இரண்டு வருடமாக அதற்குள்ளேயே சுற்றுகிறேன், இன்னும் முடியவில்லை. ஒரே குளத்தை வெவ்வேறு மாதங்களில் போய்ப் பார்த்தால் அது ஒவ்வொரு தடவையும் வேறு குளம், வரும் பறவையும் வேறு. ஜெட் ஸ்கீ மாதிரி எஞ்சின் சத்தத்தோடு பொழுது போக்கிய இடங்களில் நான் பார்த்த உயிர் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. துடுப்புப் போட்டுப் போன முதல் நாளே நீர்நாய் ஒன்று பத்தடி தூரத்தில் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது.

அடுத்த மாதம் ஒரு பெரிய பயணம் இருக்கிறது, இந்த வருடத்துக்கு அது ஒன்றுதான். இரவு ரயில் பதினோரு மணி நேரம், அங்கே ஒன்பது நாள். அந்த நண்பன் இந்தத் தடவை என்னைக் கேட்காமலே தனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான், ஜன்னல் ஓரமாக. நேற்று போன் செய்து என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று கேட்டான். முழுக்கைச் சட்டை, தண்ணீர்ப் புட்டி, சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னத் துணிப்பை என்றேன். துணிப்பை எதற்கு என்று கேட்டான். மூலைத் துண்டுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.